கின்டாமா: கடைமடையிலிருந்து ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் இரண்டு வாரங்களுக்கு முன் ஜப்பானியப் படக்கதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. அதில் ‘கின்டாமா’ என்னும் தொடருக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கி, அது குழந்தைகளுக்கான கார்ட்டூன் என்றும், தலையும் வாலும் இல்லாமல் எல்லோரும் எந்நேரமும் கத்திக்கொண்டிருக்கும் ஒரு கூச்சல் என்றும் கட்டுரையாளர் எழுதியிருந்தார். முதலில் சொன்னது தகவல் பிழை. இரண்டாவது அவருடைய கருத்து; அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கத்தலில்தான் அத்தொடரின் முழு வித்தையும் இருக்கிறது என்பதை அவர் கவனிக்கத் தவறிவிட்டார் என்று நினைப்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். சற்று நீளமாகிவிட்டது, பொறுத்தருள வேண்டும்.

நான் திருத்துறைப்பூண்டி வட்டத்துக்காரன். கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். இந்த வயதில் இவருக்கு இதெல்லாம் எதற்கு என்று வாசகர்கள் நினைத்தால் அது நியாயமே. எனக்கே அப்படித்தான் தோன்றியிருந்தது.

முதலில் தகவலைச் சரிசெய்துவிடுகிறேன். ஹிதேயாகி சொராச்சி என்பவர் எழுதி வரைந்த இத்தொடர் 2003 டிசம்பரில் ‘ஷோனென் ஜம்ப்’ என்ற வார இதழில் தொடங்கியது. அவ்விதழ் பதின்ம வயதுப் பையன்களை மனத்தில் வைத்து நடத்தப்படுவது. 2019 ஜூன் மாதம் முடிந்தபோது அத்தியாயங்கள் 704, தொகுதிகள் 77 ஆகியிருந்தன. இதன் தொலைக்காட்சி வடிவம் 2006 ஏப்ரலில் தொடங்கி, இடையிடையே நின்றும் மீண்டும் தொடங்கியும் 2018 வரை 367 பகுதிகளாக ஓடியது. இவை தவிர 2010, 2013, 2021 ஆண்டுகளில் அசைபடத் திரைப்படங்களும், 2017-இலும் 2018-இலும் நடிகர்களை வைத்து எடுத்த படங்களும் வந்தன. பத்து வயதுப் பிள்ளையை இதன் முன்னால் உட்கார வைத்துவிட்டு நாம் சமையலறைக்குப் போய்விட முடியாது. தலைப்பே, ‘வெள்ளி ஆன்மா’ என்று பொருள் கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தாலும், வாய்விட்டுச் சொல்லும்போது சபையில் சொல்லக் கூசும் ஒரு உறுப்பின் பெயரை ஒட்டி ஒலிப்பது. அது தற்செயலும் அன்று.

கதை நடக்கும் இடம் எடோ, அதாவது பழைய டோக்கியோ. 1853-இல் அமெரிக்கக் கறுப்புக் கப்பல்கள் வந்து ஜப்பானின் கதவைத் தட்டித் திறந்தன என்பது வரலாறு. சொராச்சியின் கதையில் கப்பல்களில் வருபவர்கள் வேற்றுக்கிரகவாசிகள். சாமுராய்கள் வாள் ஏந்தக் கூடாது என்று உண்மையில் 1876-இல் மெய்ஜி அரசு போட்ட ஆணை, கதையில் அந்த வேற்றுக்கிரகவாசிகளின் ஆட்சியில் வருகிறது. வாளும் போய், பிழைப்பும் போய் நிற்கும் சகாட்டா கின்டோக்கி என்ற முன்னாள் போர்வீரன், எந்த வேலையைக் கொடுத்தாலும் செய்து தருகிறேன் என்று ஒரு மதுக்கடையின் மாடியில் கடை விரிக்கிறான். இடுப்பில் மரவாள், வாயில் எந்நேரமும் இனிப்பு, கையில், இவன் கதையே அச்சாகும் அதே ஜம்ப் வார இதழ். ஷின்பாச்சி என்ற கண்ணாடிக்காரப் பையனும், காகுரா என்ற வேற்றுக்கிரகச் சிறுமியும், ஆள் உயரத்துக்கும் மேலான ஒரு நாயும் அவனோடு சேர்கிறார்கள். வீட்டு வாடகை மட்டும் எப்போதும் பாக்கி.

இந்தத் தொடரை நான் முதலில் பார்க்கவில்லை, கேட்டேன். 2018 நவம்பர் 16-ஆம் தேதி அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்கள் தெருவில் மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. கொல்லையில் ஒன்பது தென்னைகள் வேரோடு சாய்ந்திருந்தன. மின்சாரம் வர நாள் கணக்காயிற்று. ஜெனரேட்டர் வைத்திருந்த கடையில் காசு கொடுத்துக் கைபேசிக்குச் சார்ஜ் போட்டு வருவோம்; அது அவசரத்துக்குப் பேச மட்டும்தான். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த என் மகள் அப்போது வீட்டில் இருந்தாள். மாலை ஆறு மணிக்கு இருட்டிவிடும். ஒரு மெழுகுவத்தியைச் சுற்றி மூன்று பேர் எவ்வளவு நேரம்தான் விழுந்த மரங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க முடியும்? இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, தான் பார்த்த கின்டாமா பகுதிகளை அவள் எங்களுக்குக் கதையாகச் சொல்லத் தொடங்கினாள்.

அன்று அவள் சொன்னது வண்டு பிடிக்கும் கதை. நாட்டை ஆளும் ஷோகன் செல்லமாக வளர்த்த வண்டு காட்டில் தொலைந்துவிடுகிறது. ஷின்சென்குமி என்ற காவல் படை முழுவதும் அதைத் தேடக் காட்டுக்குப் போகிறது. வண்டுக்கு நல்ல விலை கிடைக்கும் என்று கேள்விப்பட்ட கின்டோக்கியும் தன் கூட்டத்தோடு அதே காட்டுக்குள் நுழைகிறான். அங்கே ஒருவர் உடம்பெல்லாம் தேனைப் பூசிக்கொண்டு, மரத்தோடு மரமாக நிற்கிறார். கின்டோக்கியின் கூட்டம் பார்த்தும் பார்க்காதது போல அவரைக் கடந்து போகிறது.

“யாரும்மா அது, பைத்தியமா?” என்று நான் கேட்டேன்.

“இல்லப்பா, அவர்தான் போலீஸ் படைக்கே தலைவர். வண்டு வந்து ஒட்டட்டும்னு நிக்கிறார்.”

அதுவரை பேசாமல் படுத்திருந்த என் மனைவி இருட்டிலிருந்து, “ஏண்டி, எறும்பு மொய்க்காதா?” என்றாள்.

புயலுக்குப் பிறகு அந்த வீட்டில் முதல் முறையாக மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான். படம் இல்லை, வண்ணம் இல்லை, பின்னணி இசை இல்லை, ஜப்பானிய மொழியும் இல்லை. ஒரு கிறுக்குத்தனம் இருந்தது; அதை நேராகப் பார்த்து, அதற்குள்ளேயே நின்று, ஒரு நியாயமான கேள்வி கேட்க ஒருவர் இருந்தார். கட்டுரையாளர் கூச்சல் என்று தள்ளிய விஷயம் இதுவே.

ஜப்பானில் மன்சாய் என்று இருவர் மேடையேறிப் பேசும் நகைச்சுவைக் கலை ஒன்று உண்டு. அதில் ஒருவர் உளறுவார். அவருக்கு பொக்கே என்று பெயர். மற்றவர் அந்த உளறலைப் பிடித்துக்கொண்டு மறுத்துப் பேசுவார். அந்த மறுப்புக்கு ட்சுக்கோமி என்று பெயர். உள்ளே குத்திச் செருகுதல் என்பது அந்தச் சொல்லின் அடிப் பொருள். கின்டாமாவில் அந்த வேலை பெரும்பாலும் ஷின்பாச்சியின் தலையில் விழுகிறது. அவன் கத்துவது கோபத்தால் அன்று. உலகம் கழன்று ஓடும்போது, இது கழன்று ஓடுகிறது என்று சொல்ல அந்த ஊரிலேயே அவன் ஒருவன்தான் இருக்கிறான். அவன் சொல்வதையும் எவரும் காதில் வாங்குவதில்லை. அவனும் சில சமயம் ஒரு பாடகியின் ரசிகர் படைத் தலைவனாகித் தானே கழன்றுவிடுவான். அப்போது மறுத்துப் பேசும் பொறுப்பைச் சோம்பேறியான கின்டோக்கி எடுத்துக்கொள்கிறான். யார் உளறுவது, யார் மறுப்பது என்பது காட்சிக்குக் காட்சி கை மாறுகிறது. 367 பகுதிகளை அலுக்காமல் பார்க்க முடிந்ததற்கு இந்தக் கைமாற்றமே காரணம் என்பேன்.

இது நமக்கு அந்நியமானதும் அல்ல. கவுண்டமணியும் செந்திலும் ஒரு வாழைப்பழத்தை வைத்துக்கொண்டு செய்தது என்ன? உளறலைவிட, அதைக் கேட்டுத் தாங்க முடியாமல் தவிப்பவரின் முகத்துக்கல்லவா நாம் சிரித்தோம்! ஒரு வேறுபாடு உண்டு. நம் இரட்டையரில் மறுத்துப் பேசுபவர் கையை ஓங்கிவிடுவார், அவரே வலியவர். ஷின்பாச்சிக்கு அந்த வலிமையும் கிடையாது. அவனை மனிதனாக மதிக்காமல், அவன் கண்ணாடிதான் அவன் என்று மற்றவர்கள் கேலி செய்கிறார்கள். ஆகவே அவனுடைய மறுப்பு இன்னும் பரிதாபமாகவும், அதனாலேயே இன்னும் சிரிப்பாகவும் இருக்கிறது.

இன்னும் பின்னே போனால் கூத்தில் கட்டியங்காரன் இருக்கிறான். அரசன் திரையை விலக்கிக்கொண்டு வந்தால், நீர் யார், எந்த ஊர் என்று அவனிடமே கேட்பான். கேட்டுவிட்டுச் சபையைப் பார்த்து ஒரு நையாண்டி செய்வான். எங்கள் தஞ்சை மாவட்டத்து மெலட்டூரில் நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவில், பிரகலாதனும் இரணியனும் வருவதற்கு முன்னால் கூம்புக் குல்லாயோடு கோணங்கி வந்து ஆடிவிட்டுப் போகிறான். கதைக்குள்ளும் கதைக்கு வெளியிலும் ஒரே நேரத்தில் நிற்கும் ஆள் அவன். கின்டாமாவின் பாத்திரங்கள் நம்மைப் பார்த்து, இந்த வாரம் பக்கம் போதவில்லை என்றும், படம் வரைய நேரமில்லை என்றும் புலம்புவதைக் கண்டபோது எனக்குக் கோணங்கியின் நினைவே வந்தது. தொலைக்காட்சி வடிவத்தில் கடையின் முகப்பை ஒரே ஓவியமாக அசையாமல் நிறுத்திவிட்டு, உள்ளேயிருந்து குரல்களை மட்டும் பேசவிடும் விளையாட்டு ஒன்று உண்டு. அசைபடத்தில் படத்தை அசைக்காமல் செலவை மிச்சம் பிடிப்பதைத் தாங்களே கேலி செய்துகொள்கிறார்கள். இதை அறியாமல் பார்ப்பவருக்குத் தொலைக்காட்சி பழுதாகிவிட்டது என்று தோன்றக்கூடும்.

கதையே இல்லை என்ற குற்றச்சாட்டுக்கு வருகிறேன். ஷோகன் என்ற அந்த மன்னரை எடுத்துக்கொள்ளுங்கள். எப்போது வந்தாலும் எதையாவது இழந்து, கடைசியில் உள்ளாடையோடு நிற்பார்; அதைக் கண்டு எல்லோரும் பதறுவார்கள். முதல் முறை பார்ப்பவருக்கு அது வெறும் கோமாளித்தனம். தஞ்சாவூர்க்காரருக்கு அப்படித் தோன்றாது. 1799-இல் இரண்டாம் சரபோஜி ராஜ்ஜியத்தைக் கம்பெனியிடம் எழுதிக் கொடுத்துவிட்டு, கோட்டையும் ஓய்வூதியமும் மன்னர் என்ற பட்டமும் மட்டும் மிஞ்ச, சரசுவதி மகாலில் சுவடி சேர்த்துக்கொண்டு இருந்தார். 1855-இல் அவருடைய மகனும் ஆண் வாரிசின்றி மறைந்த பின் பட்டமும் போயிற்று. வந்தேறிகள் ஆட்டுவிக்க, அரியணையில் பெயருக்கு உட்கார்ந்திருக்கும் ஒரு நல்ல மனிதரின் அவமானம் எப்படி இருக்கும் என்பதைத்தான் சொராச்சி உள்ளாடைச் சிரிப்பாக மாற்றி வைத்திருக்கிறார். பல ஆண்டுகள் அவரைக் கண்டு சிரிக்க வைத்துவிட்டு, பிற்பகுதியில் அவருக்கு நேர்வதைக் காட்டும்போது, இதுவரை சிரித்ததற்காக நமக்கே வெட்கமாகிவிடுகிறது. காவல் படையின் கோண்டோ, ஹிஜிகாட்டா, ஒகிட்டா ஆகியோரும் ஷின்சென்குமி என்ற உண்மையான படையில் இருந்த மனிதர்களின் பெயர்களைச் சற்றே மாற்றி வைக்கப்பட்டவர்கள். அவர்களில் ஒருவரைத்தான் தேனில் குளிப்பாட்டி நிறுத்தியிருக்கிறார்.

கின்டோக்கி வாடகை கொடுக்காமலே அந்த மாடியில் காலம் தள்ளுவதற்கும் ஒரு பின்கதை உண்டு. போர் முடிந்து, பசியோடு, பனி கொட்டும் இடுகாட்டில் உட்கார்ந்திருந்தவன், ஒரு கிழவி தன் கணவரின் கல்லறைக்குக் கொண்டுவந்த படையலைக் கேட்டு வாங்கித் தின்றுவிடுகிறான். தின்றதற்கு ஈடாக, இனி இந்தக் கிழவியை நான் காப்பேன் என்று இறந்தவருக்கு வாக்குக் கொடுத்ததாகச் சொல்கிறான். அந்தக் கிழவிதான் கீழ்த்தள மதுக்கடை நடத்தும் ஒட்டோசே. ஆடி அமாவாசைக்குப் படையல் போட்டு, காக்கை வந்து எடுக்கிறதா என்று காத்து நிற்கும் ஊரில் பிறந்தவனுக்கு இந்தக் காட்சியை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இத்தொடர் முடிந்த விதத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 2018 செப்டம்பரில் ஜம்ப் இதழில் கின்டாமா முடிகிறது என்று அறிவித்தார்கள். கடைசி அத்தியாயம் வந்தது, கதை முடியவில்லை. மிச்சம் வேறோர் இதழில் வரும் என்றார்கள். அங்கும் சில மாதம் ஓடியது, முடியவில்லை. பிறகு அதற்கென்றே ஒரு கைபேசிச் செயலியைத் தொடங்கி, அதில்தான் 2019-இல் முடித்தார்கள். இதற்கு முன்பே, 2013 திரைப்படத்துக்கு ‘இறுதிப் பாகம்’ என்று பெயர் சூட்டிவிட்டு, அதன் பிறகு ஆண்டுக்கணக்கில் தொடரை ஓட்டியவர்கள் இவர்கள். 2025 அக்டோபரில், கின்டோக்கியைப் பள்ளி ஆசிரியராக்கிய கிளைக்கதையும் தொலைக்காட்சிக்கு வந்துவிட்டது. ஜப்பானிய வாசகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்களாம். எனக்கு அதில் வியப்பில்லை. மேட்டூரில் அணை திறந்தாயிற்று என்று செய்தி கேட்டு, கல்லணையில் திறந்தாயிற்று என்று கேட்டு, நாளை வந்துவிடும், மறுநாள் வந்துவிடும் என்று மண்வெட்டியோடு வாய்க்கால் கரையில் நின்று பழகியவர்கள் நாங்கள். கடைமடைக்காரனிடம் ‘இதோ’ என்ற சொல்லுக்கு எத்தனை நாள் என்று கேட்டுப் பாருங்கள்.

குறைகளையும் ஒப்புக்கொள்கிறேன். கழிவறைச் சிரிப்பு அளவுக்கு மீறி உண்டு. சிலவற்றை மகளோடு உட்கார்ந்து பார்க்க முடியாமல் நான் எழுந்து போயிருக்கிறேன். ஹிஜிகாட்டா எல்லாச் சாப்பாட்டின் மேலும் மயோனைஸைக் கொட்டிக்கொள்வது பத்தாவது முறை வரை வேடிக்கை; நூறாவது முறை எனக்குக் குமட்டியது. அதே இதழில் வந்த பிற தொடர்களை நையாண்டி செய்யும் இடங்கள், அவற்றைப் படிக்காத எனக்குப் பாதி புரியவில்லை. பெண்களைப் பற்றிய சில கேலிகள் அன்றைக்கே பழையவை. நடிகர்களை வைத்து எடுத்த முதல் படத்தில் ஓவியத்தில் இருந்த துள்ளல் பாதிதான் வந்தது என்பது என் எண்ணம். என் மகள் இதை ஏற்க மாட்டாள்.

ஆயினும் கட்டுரையாளருக்குக் கூச்சலாகக் கேட்டதற்கு அவரை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தத் தொடர் மொழிபெயர்ப்பில் சாகிறது. 2007-இல் தொடங்கிய ஆங்கில அச்சுப் பதிப்பு 2011-இல் 23-ஆம் தொகுதியோடு நின்றுபோனது, 77-இல் 23. ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டு பிற்பாடு நானே பார்த்தபோது, இருட்டில் கேட்டுச் சிரித்த அதே இடங்களில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகுதான் புரிந்தது: என் மகள் அன்று மொழிபெயர்க்கவில்லை, நம் ஊருக்குக் குடிபெயர்த்திருந்தாள். கட்சுரா என்ற புரட்சிக்காரனைக் கின்டோக்கி எப்போதும் ‘ஸுரா’ என்று கூப்பிடுவான். அது ஜப்பானியப் பேச்சில் பொய்முடியைக் குறிக்கும். ‘ஸுரா இல்லை, கட்சுரா’ என்று அவன் ஒவ்வொரு முறையும் முகம் மாறாமல் திருத்துவான். ஆங்கில வரிகளில் அது வெறும் பெயர்க் குழப்பமாக நிற்கிறது. என் மகளின் கதையில் அவனுக்கு ‘டோப்பா’ என்று பெயர். உயிர் தப்பி ஓடும்போதும் நின்று, “டோப்பா இல்ல, கட்சுரா” என்பான். காகுரா ஜப்பானிய மொழியைச் சீனர்கள் பேசுவதாகக் கேலியாகக் காட்டும் ஒரு விகுதியோடு பேசுவாள். என் மகள் அவளுக்குச் ‘சாப்பிட்டாச்சு லா’, ‘முடியாது லா’ என்று பேச்சு வைத்திருந்தாள். வீட்டுக்கு ஒருவர் மலேசியாவுக்கோ சிங்கப்பூருக்கோ போய் வந்திருக்கும் எங்கள் பகுதியில், அந்த ‘லா’ கேட்டவுடனே அந்தப் பெண்ணின் முகம் தெரிந்துவிடுகிறது.

சில ஜப்பானியத் தொடர்கள் இப்போது தமிழ்க் குரலோடு வரத் தொடங்கியிருக்கின்றன. வாள்சண்டைத் தொடர்களுக்கு நடுநிலையான ஏட்டுத் தமிழ் ஓரளவு பொருந்திவிடும். சண்டைக்கு மொழி அவ்வளவாகத் தேவையில்லை. கின்டாமா போன்ற ஒன்று என்றாவது வருமானால், ஆங்கில வரிகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்ப்பவரிடம் அதைக் கொடுக்காமல், மேடைக்கு வசனம் எழுதிப் பழகியவர்களிடம், யார் உளறுவது யார் மறுப்பது என்ற தாளம் காதில் ஏறியவர்களிடம் கொடுக்க வேண்டும். அதுவரை, இதை அர்த்தமில்லாதது என்று தீர்ப்புச் சொல்பவர்கள், தாங்கள் கேட்டது ஷின்பாச்சியின் குரலையா, ஆங்கில வரியின் குரலையா என்று ஒரு முறை யோசித்துப் பார்க்கலாம்.

கட்டுரையின் தகவல் பிழையை மட்டுமாவது, அதாவது இது குழந்தைகளுக்கான தொடர் என்று குறிப்பிட்டிருப்பதை, வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிட வேண்டுகிறேன். தங்கள் இணைப்பை நம்பி எந்தத் தாத்தாவாவது பேரனுக்கு இதைப் போட்டுக் காட்டிவிட்டால், அதன் பிறகு அந்த வீட்டில் கேட்கப்படும் கேள்விகளுக்கு அவரால் பதில் சொல்ல முடியாது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருத்துறைப்பூண்டி வட்டம்,
திருவாரூர் மாவட்டம்.